பழநிக்குப் போகாத பாம்பன் சுவாமிகள்

ஓம் சரவணபவ.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க. முக்கால்வாசி படுத்துக்கிட்டே போன்ல டைப் பண்ணது. ஒரே நாள்ல எழுதினதும் இல்ல.

போன கார்த்திகையில எனக்கு முதுகெலும்புல ஆபரேஷன் ஆச்சு. இடுப்புப் பக்கம் நாலாவது எலும்பு, அதுக்குக் கீழ இருக்கற அஞ்சாவது எலும்பு மேல இருந்து முன்னாடி நழுவிடுச்சு. நடுவுல இருந்த ஜவ்வை எடுத்துட்டு, ரெண்டு எலும்பையும் நாலு ஸ்க்ரூ, ரெண்டு கம்பி போட்டு ஒண்ணா இறுக்கி வெச்சாங்க. ஸ்பைனல் ஃபியூஷன்னு பேர். அப்போ எனக்கு வயசு இருபத்தொன்பது.

ஆபரேஷன் முடிஞ்ச மூணாவது வாரம், சொந்தக்காரர் ஒருத்தர் குடும்ப குரூப்ல ஒரு ஃபார்வர்டு போட்டார். நீங்களும் பார்த்திருப்பீங்க. பாம்பன் சுவாமிகளுக்குக் கால் முறிஞ்சது, வெள்ளைக்கார டாக்டர் காலை எடுக்கணும்னு சொன்னார், சண்முக கவசம் படிச்சாங்க, மயில் ஆடிச்சு, எலும்பு சேர்ந்துடுச்சு. மொத்தமே அஞ்சு வரி. கடைசியில, நம்பிக்கையோட கவசம் படிக்கிறவங்களுக்கு ஆபரேஷனே தேவைப்படாதுன்னு யாரோ சேர்த்திருந்தாங்க. அதுக்குக் கீழ என் பேரை டேக் பண்ணியிருந்தார்.

எனக்கு ஏற்பட்ட கோபத்தை இங்க எழுத முடியாது. பத்தாவது படிக்கும்போதிருந்து சண்முக கவசம் சொல்றவன் நான். பரமக்குடியில இருந்து பழநிக்கு ஆறு வருஷம் நடந்திருக்கேன். கோபம் போனப்புறம் பயம் வந்துச்சு. ஒருவேளை அவர் சொல்றது சரிதானோ, என் பக்திதான் குறையோன்னு. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி மாத்திரை வேலை செய்யறது நின்னு போகும். அந்த நேரத்துல இப்படி ஒரு நினைப்பு வந்தா தாங்க முடியாது.

மறுநாள் அம்மாகிட்ட பூஜை அலமாரியில இருந்த சுவாமிகள் சரித்திரத்தை எடுத்துத் தரச் சொன்னேன். சின்ன வயசுல படிச்சதுதான். இந்தத் தடவை ஒருக்களிச்சுப் படுத்து, தலையணைமேல புத்தகத்தைச் சாய்ச்சு வெச்சு, நாளைக்கு ரெண்டு மூணு பக்கமா படிச்சேன். அந்த அஞ்சு வரியில வராத சுவாமிகளைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

சுவாமிகள் எங்க சீமைக்காரர். இராமேசுவரம், பாம்பன் பக்கம். பிள்ளைத் திருநாமம் அப்பாவு. அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலம். கடல் காத்துக்கும் உப்புக்கும் நடுவுல வளர்ந்த பிள்ளை. அப்போ பாம்பன் பாலமே கிடையாது. அது 1914-ல தான் வந்தது, அதுக்கு ரொம்ப முன்னாடியே சுவாமிகள் ஊரை விட்டுப் போயிட்டார். சின்ன வயசுலயே அருணகிரிநாதர்மேல அப்படி ஒரு பித்து. தினமும் சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு எழுதணும்னு வெச்சுக்கிட்டு நூறு பாட்டு எழுதினார். ஒவ்வொண்ணும் முடியற இடத்துல அருணகிரிநாதர் பேர் வரும். குருவும் கிடைச்சார், சேதுமாதவ ஐயர். அக்னி தீர்த்தத்துல வெச்சு ஆறெழுத்து உபதேசம் ஆச்சு.

அப்புறம் எல்லாரையும் போலக் கல்யாணம், குடும்பம். மனைவி காளிமுத்தம்மை, மூணு குழந்தைங்க. இந்த இடத்துல ஒரு சம்பவம் உண்டு. ஒருநாள் ராத்திரி பெண் குழந்தை உடம்பு முடியாம விடாம அழுதது. அம்மையார் திருநீறு போட்டு விடச் சொல்லிக் கேட்டாங்க. சுவாமிகள் போடலை. முருகன்கிட்டயே கேளுன்னு சொல்லிட்டுத் தன் தியானத்துல இருந்துட்டார். பிறகு காவி கட்டின ஒருத்தர் வந்து குழந்தையை வாங்கித் திருநீறு பூசிக் கொடுத்துட்டுப் போனார்னும், அழுகை நின்னு குழந்தை சிரிச்சதுன்னும் வரலாறு சொல்லுது. முன்னாடி படிச்சப்போ காவி கட்டி வந்தவர் யாருங்கற மெய்சிலிர்ப்பு மட்டும்தான் எனக்கு இருந்தது. இப்போ படிச்சப்போ அந்த அம்மாவை நினைச்சேன். வலியில அழற பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு, கேட்டது கிடைக்காம உக்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரம். எங்க அம்மா ஆஸ்பத்திரி வராண்டாவுல அஞ்சு மணி நேரம் அப்படித்தான் உக்கார்ந்திருந்தாங்க.

1891-ல சண்முக கவசம் பிறந்தது. முப்பது பாட்டு. அகரத்துல ஆரம்பிச்சு உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டுன்னு வரிசையா ஒவ்வொரு எழுத்துல ஒவ்வொரு பாட்டு தொடங்கும். உடம்போட ஒவ்வொரு உறுப்பையும் பேர் சொல்லிக் காக்கச் சொல்ற பாட்டு. நோய் நொடியில கிடக்கிறவங்களுக்காக, பயந்து போனவங்களுக்காக, ஊருக்காக எழுதினது. எழுதினப்போ சுவாமிகளுக்குக் கால் நல்லாத்தான் இருந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

1894-ல பிரப்பன்வலசை. இராமநாதபுரத்துல இருந்து இராமேசுவரம் போற வழியில இருக்கு. சின்ன வயசுல பஸ்ல எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன், ஜன்னல் பக்கம் கூடத் திரும்பினதில்ல. அங்க மயானத்துல ஒரு குழி வெட்டி, மேல கொட்டகை போட்டு, உள்ள உக்கார்ந்து 35 நாள் தவம். முருகன் ரெண்டு முனிவர்களோட வந்து ஒரு சொல்லை உபதேசம் பண்ணினார்னும், அவங்க அகத்தியரும் அருணகிரிநாதரும்தான்னும் அடியார்கள் சொல்வாங்க. எழுந்திருன்னு உத்தரவு வந்தப்புறம்தான் வெளிய வந்தார். நான் 35-ஆவது நாள் இந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தேன், நிஜமாவே எண்ணிப் பார்த்தேன். என் 35 நாள் தவம் கிடையாது. சும்மா படுத்துக் கிடந்து மின்விசிறியைப் பார்த்த 35 நாள்.

அப்புறம் சுவாமிகள் சென்னை வந்தார். பங்காரு அம்மாள்ங்கற மூதாட்டி வீட்டுல தங்கினார். காசி வரைக்கும் போய் வந்தார். மொத்தம் 6,666 பாட்டும், 32 வியாசங்களும் எழுதினார். இதை ஒரே வரியில தாண்டறது தப்புதான், ஆனா நான் கால் முறிஞ்ச இடத்துக்குப் போகணும்.

1923 டிசம்பர் 27. சென்னை தம்புச் செட்டித் தெரு. காளிகாம்பாள் கோயில் இருக்கற அதே தெரு, இன்னைக்கும் நடக்க இடம் இருக்காது. சுவாமிகள் எழுபது வயசைத் தாண்டினவர். ஒரு குதிரை வண்டி இடிச்சு, சக்கரம் இடது கால்ல ஏறி எலும்பு முறிஞ்சது. சென்ட்ரல் எதிர்ல இருக்கற பெரிய ஆஸ்பத்திரியில, நாம ஜி.எச்.னு சொல்ற இடத்துல, மன்றோ வார்டுல சேர்த்தாங்க.

டாக்டர்கள் கையை விரிச்சதுல தப்பு சொல்ல முடியாது. வயசானவர். உப்பு, புளி, காரம் எல்லாத்தையும் விட்டு ரொம்ப காலமா பத்தியச் சாப்பாடு. இந்த உடம்புல எலும்பு எப்படிக் கூடும்னு அவங்க யோசிச்சாங்க. அதுவும் இல்லாம அது 1923. பெனிசிலினைக் கண்டுபிடிச்சதே 1928-ல தான். காயத்துல சீழ் வெச்சா உயிருக்கே ஆபத்து, அதனால காலை எடுத்துடறதுதான் அன்னைக்கு டாக்டர்களுக்குத் தெரிஞ்ச பாதுகாப்பான வழி.

இப்போ ஒண்ணு கவனிங்க. சுவாமிகள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு சொல்லலை. கட்டில்ல படுத்தார். கட்டுப் போட விட்டார். நான் படிச்ச ஃபார்வர்டுல இந்த இடமே கிடையாது.

அப்போ கவசம் படிச்சது யாரு? அடியார்கள். அதுல சின்னசாமி சோதிடர்னு ஒருத்தர், சண்முக கவசத்தைத் திரும்பத் திரும்பப் பாராயணம் பண்ணிக்கிட்டே இருந்தார். ரெண்டு வேல் வந்து முறிஞ்ச இடத்தைத் தாங்கிச் சேர்த்து வெக்கிற மாதிரி அவருக்குக் காட்சி கிடைச்சது. 32 வருஷம் முன்னாடி ஊருக்காக எழுதின பாட்டை, ஊர் திருப்பி எழுதினவருக்காகப் படிச்சது.

இந்தப் பக்கத்துலதான் நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே கிடந்தேன். ஏன்னா ஆபரேஷன் ஆன நாள்ல இருந்து என்னால கவசம் முழுசாச் சொல்ல முடியலை. நரம்பு வலிக்குக் கொடுக்கற மாத்திரை போட்டா தலை பாரமாயிடும். மூணாவது பாட்டு வரும்போது எந்த எழுத்துல இருக்கோம்னு தெரியாது. பத்து வருஷத்துக்கு மேல மனப்பாடமா இருந்தது மறந்து போச்சேன்னு அழுதிருக்கேன். எங்க அம்மா அதைக் கவனிச்சிருக்காங்க போல. தினமும் சாயந்திரம் விளக்கேத்தினதும் என் கட்டில் பக்கம் ஸ்டூல் போட்டு உக்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்துத் தட்டுத் தடுமாறி முப்பது பாட்டையும் படிப்பாங்க. அதையெல்லாம் நான் கணக்குல சேர்க்கவே இல்லை. நான் படிச்சாத்தானே கணக்குன்னு இருந்துட்டேன்.

சரி, பதினோராவது நாளுக்கு வருவோம். 1924 ஜனவரி 6, மார்கழி வளர்பிறைப் பிரதமை ராத்திரி. மேற்குப் பக்க வானத்துல ரெண்டு மயில் தோகை விரிச்சு ஆடறதைச் சுவாமிகள் பார்த்தார். அந்த ஒளி மறைஞ்சதும் மனசு ஏங்கித் தவிச்சார். பிறகு தன் படுக்கையிலேயே பக்கத்துல செக்கச் செவேல்னு ஒரு குழந்தை படுத்திருக்கறதைக் கண்டார். கொஞ்ச நேரத்துல அதுவும் மறைஞ்சது. டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தப்போ எலும்பு கூடியிருந்தது, காலை எடுக்க வேண்டியதில்லைன்னு ஆச்சு. இந்த ஆஸ்பத்திரி அனுபவத்தைச் சுவாமிகளே அசோகசாலவாசம்ங்கற நூலாப் பாடி வெச்சிருக்கார். அந்த நாளைத்தான் மயூர வாகன சேவனம்னு இன்னைக்கும் வருஷா வருஷம் மார்கழியில கொண்டாடறோம்.

அதிசயம்னு நான் முழுசா நம்பறேன். அதுல எனக்குச் சந்தேகம் எதுவும் இல்ல. ஆனா பத்து ராத்திரி இருக்கே, பதினொண்ணுக்கு முன்னாடி? எழுபது வயசைத் தாண்டினவருக்குப் பொது வார்டுல, முறிஞ்ச காலோட பத்து ராத்திரி எப்படிப் போயிருக்கும்? எலும்பு வலி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அது பகல்ல ஒரு மாதிரி, விளக்கை அணைச்சப்புறம் வேற மாதிரி. மயில் வந்தப்புறமும் சுவாமிகள் அன்னைக்கே எழுந்து நடந்து போயிடலை. மேலும் சில நாள் அங்கயேதான் இருந்தார். ஷேர் பண்றவங்க இந்த நாள்களை எல்லாம் விட்டுடறாங்க, படிக்க சுவாரசியமா இருக்காதுன்னு நினைக்கிறாங்க போல.

என் டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். ஸ்க்ரூ போட்டதால முதுகு சேர்ந்துடுச்சுன்னு நினைக்காதீங்க, ஸ்க்ரூ சும்மா அசையாமப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான், சேர வேண்டியது எலும்புன்னார். எங்க தெருவுல வீடு கட்டும்போது பார்த்திருக்கேன். தளம் போட்டா சென்ட்ரிங் பலகையும் முட்டும் கொடுத்து நிறுத்தி வெப்பாங்க. கான்கிரீட் இறுகற வரைக்கும் பிரிக்கக் கூடாது, மேல ஏறி நடக்கக் கூடாது, தண்ணி மட்டும் விட்டுக்கிட்டே இருக்கணும். அதே கதைதான். ரெண்டு எலும்புக்கு நடுவுல வெச்ச எலும்புத் துண்டுல புது எலும்பு வளரணும். மாசக் கணக்குல ஆகும், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். சேரலைன்னா ஸ்க்ரூவே தளர்ந்துடும்.

அதுவரைக்கும் குனியக் கூடாது, தூக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது. படுக்கையில திரும்பணும்னா தோளும் இடுப்பும் ஒண்ணா, மரக்கட்டை உருளற மாதிரி உருளணும். இருபது நிமிஷத்துக்கு மேல உக்காரக் கூடாது. நடக்கலாம். நடக்கணும், அதுதான் மருந்து. முதல் நாள் கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் போய் வந்ததுக்கு, பழநி மலை ஏறினதை விட அதிகமா வேர்த்தது. ஆட்டுக்கால் சூப் குடிச்சா எலும்பு ஒட்டிக்கும்னு தெருவே வந்து சொல்லிட்டுப் போச்சு. மாலை போட்டிருக்கற வீடு, அம்மா கேழ்வரகும் முருங்கைக்கீரையுமா போட்டுத் தள்ளினாங்க.

வலியும் ஒரே வலி கிடையாது. தையல் போட்ட இடத்து வலி ரெண்டு வாரத்துல குறைஞ்சது. தசை இழுத்துப் பிடிக்கற வலி ரெண்டு மாசம். கால்ல கரண்ட் அடிச்ச மாதிரி இறங்கற நரம்பு வலி, போயிடுச்சுன்னு நினைச்சப்போ திரும்ப வந்தது. எட்டாவது வாரம் நல்லாயிட்டேன்னு நினைச்சு, யாரும் பார்க்காதப்போ தண்ணிக் குடத்தை இடுப்பளவு தூக்கினேன். மூணு நாள் படுக்கையை விட்டு எழுந்திரிக்கலை. எலும்பு விலகிடுச்சோன்னு பயந்து எக்ஸ்ரே எடுத்தோம். நல்லவேளை ஸ்க்ரூ அசையலை, தசைதான். டாக்டர் திட்டினதை விட அம்மா பேசாம இருந்ததுதான் வலிச்சது.

அந்த நேரத்துலதான் தைப்பூசம் வந்தது.

எங்க ஊர்ல இருந்து பாதயாத்திரைக் குழு கிளம்பறது விடியக்காலை நாலு மணிக்கு. எட்டு நாள் நடை. ஆறு வருஷம் முன்வரிசையில காவடி எடுத்தவன் நான். அந்த வருஷம் குழு எங்க தெரு வழியா வந்து வீட்டு வாசல்ல நின்னது. குருசாமி உள்ள வந்து எனக்குத் திருநீறு பூசினார். என் காவடியைச் சித்தப்பா பையன் தோள்ல வெச்சிருந்தான், அவனுக்குப் பதினேழு வயசு. பெல்ட் கட்டிக்கிட்டு, கதவு நிலையைப் பிடிச்சு நின்னேன். அரோகரா சத்தம் தெருமுனை திரும்பற வரைக்கும் கேட்டது. உள்ள வந்து படுத்தேன். அதுக்கு முந்தின வாரம்தான் டாக்டர்கிட்ட, அடுத்த வருஷம் போகலாமான்னு கேட்டிருந்தேன். நடை பழகலாம், ஆனா இத்தனை கிலோமீட்டர், அதுவும் தோள்ல பாரத்தோட, அதை மறந்துடுங்கன்னு சொல்லியிருந்தார்.

முருகா, உன்னைப் பார்க்க நடந்து வர்ற முதுகைத்தானா நீ எடுத்துக்கணும்? அன்னைக்கு இதைச் சத்தமாவே கேட்டேன். (சிலர் பழநிக்கு நடந்துதான் முதுகு போச்சுன்னு சொன்னாங்க. இல்லைங்க. எலும்புல இருந்த சின்ன விரிசல் பள்ளிக்கூட வயசுல இருந்தே இருந்திருக்கும்னு ஸ்கேன் பார்த்து டாக்டர் சொன்னார். பாதயாத்திரை போறவங்க பயப்பட வேண்டாம்.)

அன்னைக்கு ராத்திரி புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். பழநி சம்பவம் வர்ற பக்கம் பிரிஞ்சது. தெரிஞ்ச கதைதான், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பாம்பன்ல இருந்த காலத்துல சுவாமிகளுக்குத் துறவு ஆசை முத்திப்போய், பழநிக்குக் கிளம்பணும்னு முடிவு பண்ணினார். நண்பர் ஒருத்தர், இது முருகன் உத்தரவான்னு கேட்டார். உத்தரவு வரலை. ஆனா போற ஆசையில ஆமான்னு சொல்லிட்டார். ஒரே ஒரு பொய். அன்னைக்கே முருகன் கோபமான முகத்தோட காட்சி கொடுத்து, விரலை அசைச்சு எச்சரிச்சார். சுவாமிகள் தப்பை ஒப்புக்கிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் கூப்பிடற வரைக்கும் பழநிக்கு வரக்கூடாதுன்னு உத்தரவாச்சு. சுவாமிகளும் சரின்னு வாக்குக் கொடுத்தார்.

கூப்பிடவே இல்லை.

இதை எப்பவும் பொய் சொல்லக் கூடாதுங்கற கதையாத்தான் எனக்குச் சொல்லியிருக்காங்க. அது சரிதான். ஆனா அந்த ராத்திரி எனக்கு அதுக்குப் பின்னாடி வர்ற வருஷங்கள்தான் கண்ணுல பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல. காசிக்குப் போனவர். முருகன்மேல ஆயிரக்கணக்குல பாட்டு எழுதினவர். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் சுத்தி இருக்கறவங்க காவடி கட்டிக் கிளம்பியிருப்பாங்க, திரும்பி வந்து பஞ்சாமிர்தம் கொடுத்திருப்பாங்க. பஞ்சாமிர்த வண்ணம் பாடினவரே அவர்தானே! அந்த மனுஷன் ஒரு தடவை கூடப் பழநிக்குப் போகலை. கூப்பிடலைன்னு கோவிச்சுக்கிட்டுப் பாட்டை நிறுத்தவும் இல்லை. முருகனும் அவரை விட்டுடலை. பிரப்பன்வலசைக்கு வந்தார், ஜி.எச். வார்டுக்கு வந்தார், கட்டில்ல பக்கத்துல வந்து படுத்தார். பழநிக்கு மட்டும் வான்னு சொல்லலை.

ஏன்னு எனக்குத் தெரியாது. ஒரு பொய்க்கு இவ்வளவு பெரிய விலையான்னு இன்னைக்கும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, முருகன்கிட்டயே சொல்லிட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கினேன். மாத்திரை இல்லாமத் தூங்கின முதல் ராத்திரின்னு எழுத ஆசைதான், பொய்யாயிடும். மாத்திரை போட்டுத்தான் தூங்கினேன்.

ஆறாவது மாசம் திரும்பச் சென்னைக்கு வேலைக்கு வந்தேன். நின்னுக்கிட்டு வேலை பார்க்கற மாதிரி உயரமான மேசை கேட்டு வாங்கினேன். முதல் ஞாயித்துக்கிழமை திருவான்மியூர் போனேன். சுவாமிகள் 1929 மே 30-ஆம் தேதி சமாதியானார். கால் கூடினப்புறம் அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தார். சமாதிக் கோயில் திருவான்மியூர்லதான் இருக்கு. அதே ஊர்ல சிவபெருமானுக்கு மருந்தீசுவரர்னு பேர், இதை அன்னைக்குத்தான் யோசிச்சேன்.

சந்நிதியில எல்லாரும் தரையில விழுந்து கும்பிட்டாங்க. நான் குனிய முடியாது. நிமிர்ந்து கை கூப்பி நிக்கறேன், என்னடா இவன் விறைப்பா நிக்கறான்னு யாராவது நினைப்பாங்களோன்னு கூச்சம். பக்கத்துல ஒரு பாட்டி, பெல்ட்டைப் பார்த்துட்டு, முதுகா தம்பின்னு கேட்டாங்க. ஆமான்னேன். அவங்க புடவையை லேசா விலக்கி முழங்காலைக் காட்டினாங்க, நீளமா ஆபரேஷன் தழும்பு. பதினொரு வருஷம் ஆச்சாம். அவங்களும் தரையில உக்கார மாட்டாங்களாம். சுவர் ஓரமா பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கி இருக்கும், எடுத்துப் போட்டுக்கோன்னாங்க. ஒண்ணு எடுத்துப் போட்டேன். ரெண்டு பேரும் நாற்காலியில உக்கார்ந்து சண்முக கவசம் சொன்னோம். பாதியில எனக்கு ஒரு எழுத்து விட்டுப்போச்சு, பாட்டி எடுத்துக் கொடுத்தாங்க. இருபது நிமிஷம் ஆனதும் எழுந்து நாலு நடை நடந்துட்டு வந்து உக்கார்ந்தேன்.

இப்போ ஒரு வருஷம் ஆகப் போகுது. போன மாச ஸ்கேன்ல எலும்பு சேர்ந்திருக்குன்னு டாக்டர் காட்டினார். ரெண்டு எலும்புக்கு நடுவுல வெள்ளையா ஒரு பாலம். வலி போயிடுச்சான்னு கேட்பீங்க. காலையில எழுந்ததும் அரை மணி நேரம் இருக்கும், மழைக் காலத்துல கூட இருக்கும். இடது கால் கட்டைவிரல் இன்னும் மரத்துதான் இருக்கு. அந்தச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தப்போ ஸ்கேனைக் காட்டினேன். கவசத்தோட மகிமைன்னார். ஆமாங்க, அம்மா படிச்சதுன்னேன்.

காவடி இப்போ சித்தப்பா பையன்கிட்டயே இருக்கு. இந்தத் தைப்பூசத்துக்கும் அவன்தான் எடுக்கறான். பழநிக்கு ரோப் கார் இருக்கே, கார்ல போய் ஏறிட்டு வந்துடலாமேன்னு வீட்டுல கேட்டாங்க. போகலாம், டாக்டரும் சரின்னுட்டார். இன்னும் முடிவு பண்ணலை.

வர்ற மார்கழி வளர்பிறைப் பிரதமைக்கு மயூர வாகன சேவனம். திருவான்மியூர்ல இருப்பேன். கால், முதுகு, முழங்கால்னு ஆபரேஷன் ஆனவங்க வந்தா தரையில உக்காரணுமேன்னு தயங்காதீங்க, நாற்காலி சுவர் ஓரமா இருக்கும். வீட்டுல யாராவது படுத்திருந்தா, அவங்க பக்கத்துல உக்கார்ந்து நீங்க கவசம் படிங்க.

வேலும் மயிலும் துணை.